மைலேஜும் வேணும், மலையில நிக்கவும் கூடாது: டிரெய்லர் இழுக்கும் பெட்ரோல் இன்ஜினை உருவாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் மீது டேவிஸ் அணை இருக்கிறது. அதன் பக்கத்தில் மேடேறத் தொடங்கும் மாநில நெடுஞ்சாலை 68, பாலைவனத்தின் நடுவே சுமார் 18 கி.மீ. தூரத்துக்கு விடாமல் ஏறிக்கொண்டே போகிறது. கொண்டை ஊசி வளைவுகள் எதுவும் கிடையாது. பார்த்தால் மலைப்பாதை மாதிரியே தெரியாது. ஆனால், பிக்-அப் டிரக் தயாரிக்கும் இன்ஜினியர்களுக்கு இந்தச் சாலைதான் பரீட்சை ஹால்.

எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு, ஜே2807 என்ற பெயரில் ஒரு விதிமுறை வைத்திருக்கிறது. 'எங்கள் டிரக் இவ்வளவு எடையை இழுக்கும்' என்று ஒரு நிறுவனம் சொல்ல வேண்டுமானால், அந்த எடையைக் கட்டிக்கொண்டு இந்த மேட்டில் ஏறும் சோதனையில் தேற வேண்டும். அடிவாரத்தில் வெயில் 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. ஏ.சி. முழு வேகத்தில் ஓட வேண்டும். சாதாரண பிக்-அப் என்றால் மணிக்கு 64 கி.மீ. வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. மேலே போய்ச் சேரும்வரை எந்தப் பாகமும் உடையக் கூடாது, ஆயிலோ கூலன்ட்டோ வெளியே கொட்டக் கூடாது, டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியக் கூடாது.

இதில் தேறுவதற்கு ஒரு இன்ஜினை உருவாக்கலாம். லிட்டருக்கு அதிக மைலேஜ் தருவதற்கும் ஒரு இன்ஜினை உருவாக்கலாம். இரண்டையும் ஒரே பெட்ரோல் இன்ஜினில் கொண்டுவரப் போனால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் உலகின் பெரிய கார் நிறுவனங்கள் லட்சக்கணக்கான பிக்-அப்களைத் திரும்ப அழைத்ததைப் பார்த்தால், அந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்பது புரியும்.

முதல்ல ஒரு சந்தேகம்: டிரக்னா டீசல்தானே?

நம்ம ஊரில் பாரம் இழுப்பது என்றாலே டீசல்தான். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 'பிக்-அப் டிரக்' என்பது முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டி. வார நாட்களில் வேலைக்குப் போகவும், சனி ஞாயிறுகளில் படகு, குதிரை வண்டி, படுக்கை வசதியுள்ள கேம்பிங் டிரெய்லர் ஆகியவற்றை இழுக்கவும் அதே வண்டிதான். தோட்ட வேலை, கட்டட வேலை செய்யும் சிறு கான்ட்ராக்டர்களுக்கு அதுதான் பிழைப்பு.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடுபவை. பாரம் இழுக்க டீசல்தான் நல்லது என்பதில் அங்கேயும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஹெவி-டியூட்டி பிக்-அப்பில் டீசல் இன்ஜின் வாங்க சுமார் 10,000 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பங்கில் டீசல் விலையும் சாதா பெட்ரோலைவிட பெரும்பாலும் அதிகம். புகை வடிகட்டி, யூரியா கரைசல், அவற்றின் சென்சார்கள் என்று பராமரிப்புச் செலவும் கூடிவிட்டது. மாதத்தில் நாலு நாள் மட்டும் டிரெய்லர் இழுப்பவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. அதனால்தான் 'பெட்ரோலிலேயே நம்பி இழுக்கிற மாதிரி ஒரு இன்ஜின் கொடுங்க' என்ற கேள்வி அங்கே ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

டிரெய்லர் மாட்டினதும் இன்ஜினுக்கு என்ன ஆகுது?

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆட்கள், சாமான்களோடு டிரக்கின் எடை 2.7 டன். பின்னால் 3.3 டன் கேம்பிங் டிரெய்லர். மொத்தம் 6 டன்.

டிரெய்லர் இல்லாமல் சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, சக்கரத்துக்குத் தேவைப்படும் சக்தி சுமார் 25 கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் 34. நானூறு குதிரைத்திறன் கொண்ட இன்ஜினுக்கு இது ஒன்றுமே இல்லை.

டிரெய்லரை மாட்டியதும் அதே சாலையில், அதே வேகத்துக்குச் சுமார் 80 கிலோவாட் தேவை. மூன்று மடங்குக்கும் மேல். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: இந்தக் கூடுதல் சக்தியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது எடை இல்லை, காற்று. கேம்பிங் டிரெய்லர் என்பது சக்கரம் வைத்த ஒரு சுவர். அந்தச் சுவரைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு போவதற்குத்தான் பெட்ரோல் கரைகிறது.

இப்போது டேவிஸ் அணை மேட்டுக்கு வருவோம். அங்கே 100 மீட்டர் போனால் சராசரியாக 5 மீட்டர் உயரம் ஏறும். நம் 6 டன் கூட்டணி, விதிமுறை சொல்லும் 64 கி.மீ. வேகத்தில் ஏறவே சுமார் 80 கிலோவாட் வேண்டும். 'வேகத்தைக் குறைக்கவே மாட்டேன், 100-லதான் போவேன்' என்றால் 160 கிலோவாட்.

அதுவும் எவ்வளவு நேரத்துக்கு? 64 கி.மீ. வேகத்தில் போனால் 17 நிமிடம். சாதாரணக் காரில் நாம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பது ஓவர்டேக் செய்யும் அந்த 6, 7 விநாடிகளுக்கு மட்டும்தான். டிரெய்லர் இழுக்கும் இன்ஜின் அதைக் கால்மணி நேரம் தொடர்ந்து செய்ய வேண்டும். ஓட்டப்பந்தய வீரருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான் இது. ஒரு விநாடியில் எவ்வளவு சக்தி என்பதைவிட, அந்தச் சக்தியை எவ்வளவு நேரம் மூச்சு வாங்காமல் கொடுக்க முடியும் என்பதே இங்கே கேள்வி.

எதிரியின் பெயர் வெப்பம்

பெட்ரோல் இன்ஜினுக்குள் எரியும் எரிபொருளில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. இன்னொரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாகச் சூடான புகையாக வெளியேறுகிறது. மீதியை ரேடியேட்டர்தான் வெளியே தள்ள வேண்டும்.

மேடேறும்போது ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் மட்டும் சுமார் 90 கிலோவாட் வரும். நம் வீட்டு பாத்ரூமில் உள்ள 2 கிலோவாட் கீசர்கள் 45-ஐ ஒரே நேரத்தில் ஆன் செய்தால் எவ்வளவு சூடோ, அவ்வளவு. வெளியிலோ பாலைவன வெயில். வேகமும் குறைவு என்பதால் முன்னாலிருந்து வரும் காற்றும் போதாது.

இந்தச் சூட்டில்தான் 'நாக்கிங்' தொடங்கும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்து நெருப்பு பரவுவதற்குள், மீதியுள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்துவிடும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்ற வேலை அது. தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே உடைந்துபோகும். நாக்கிங் வருவதை சென்சார் கண்டுபிடித்ததும், இன்ஜினின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதமாக்கும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். ஆனால், தாமதமாக எரிவதால் பிஸ்டனைத் தள்ள வேண்டிய சக்தி, வெப்பமாக எக்ஸாஸ்ட்டுக்குள் போய்விடும். எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும்.

அப்போ மைலேஜ் எங்கே போகுது?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரணமாக ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கில் இன்ஜின் ஓடும். எக்ஸாஸ்ட் சூடு எல்லை மீறும்போது, வால்வுகளையும் டர்போவையும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட்டையும் காப்பாற்ற, கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோலை உள்ளே தெளிக்கும். அது ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். முழுதாக எரிய அதற்குக் காற்றும் கிடைக்காது. சுருக்கமாகச் சொன்னால், அந்த நேரத்தில் பெட்ரோல் எரிபொருளாக இல்லாமல் குளிரூட்டியாக வேலை செய்கிறது.

14.7-க்குப் பதில் 12 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்று மாறினாலே, 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகச் செலவாகும். சும்மா ஓட்டும்போது லிட்டருக்கு 9 கி.மீ. கொடுத்த வண்டி, டிரெய்லர் மாட்டி நெடுஞ்சாலையில் போகும்போது நாலைத் தொடுவதற்கே திணறும். மேட்டில் அதுவும் கிடையாது.

ஆகவே, இழுக்கும்போது மைலேஜ் தரும் இன்ஜின் வேண்டுமென்றால், அதன் முதல் தகுதி இதுதான்: முழு பாரத்திலும் பெட்ரோலைக் குளிரூட்டியாக வீணடிக்க வேண்டிய நிலைக்குப் போகக் கூடாது. கவனித்துப் பார்த்தால், இன்ஜின் நீண்ட நாள் உழைப்பதற்கும் இதே தகுதிதான் தேவை.

ஒரே கம்பெனி, ரெண்டு பதில்

இந்தக் கேள்விக்கு ஃபோர்டு நிறுவனமே ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு பதில்களை வைத்திருக்கிறது.

முதல் பதில், 2011-ம் ஆண்டு மாடல் எஃப்-150 பிக்-அப்பில் வந்த 3.5 லிட்டர் 'எக்கோபூஸ்ட்'. ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. இதன் தத்துவம் எளிது. சும்மா ஓட்டும்போது சிறிய இன்ஜின் போதும். உராய்வு குறைவு, பெட்ரோல் மிச்சம். பாரம் வரும்போது டர்போ கூடுதல் காற்றை உள்ளே திணித்து, அதைப் பெரிய இன்ஜின் போல வேலை செய்ய வைக்கும். இப்போதைய மாடலில் இதன் டார்க், அதாவது திருப்புவிசை, 678 நியூட்டன் மீட்டர்.

இரண்டாவது பதில், 2020 மாடல் சூப்பர் டியூட்டி டிரக்கில் வந்த 7.3 லிட்டர் வி8. செல்லப்பெயர் 'காட்ஸில்லா'. டர்போ கிடையாது. வார்ப்பிரும்பு பிளாக். வால்வுகளை இயக்க, பழைய பாணியில் பிளாக்குக்கு உள்ளேயே ஒரே ஒரு கேம் ஷாஃப்ட், அதிலிருந்து மேலே போகும் புஷ்ராடுகள். சிலிண்டருக்கு இரண்டே வால்வு. பெட்ரோலும் சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கப்படாமல், பழைய முறையில் காற்றுக் குழாயிலேயே கலக்கப்படுகிறது. அறிமுகமானபோது 430 குதிரைத்திறன், 644 நியூட்டன் மீட்டர் டார்க்.

இரண்டின் டார்க்கும் கிட்டத்தட்ட சமம். ஆனால், கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். எக்கோபூஸ்ட் ஒரு லிட்டருக்கு 194 நியூட்டன் மீட்டர் தருகிறது. காட்ஸில்லா தருவது 88. அதாவது, சிறிய இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் தன் அளவுக்கு இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு வேலை செய்கிறது. நாக்கிங், எக்ஸாஸ்ட் சூடு எல்லாமே இந்த அழுத்தத்தோடு கூடும். பெரிய இன்ஜின் அதே வேலையை ஆற அமரச் செய்கிறது.

அதற்காக டர்போ தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். டர்போ இல்லாத இன்ஜின் அந்த உயரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். டர்போ இன்ஜின் அந்தக் குறையைப் பெருமளவு சரிக்கட்டிவிடும். உயரமான மலைகளில் வசிப்பவருக்கு அதுதான் சரியான தேர்வாக இருக்கலாம்.

ஏன் ரெண்டு பதில்?

விடை, ஷோரூமில் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது.

அமெரிக்காவில் கார்களுக்கும் சிறிய பிக்-அப்களுக்கும் அரசின் மைலேஜ் ஸ்டிக்கர் கட்டாயம். அந்த மைலேஜ் சோதனைக்கூடத்தில், உருளைகள் மேல் வண்டியை ஓட்டி அளக்கப்படுகிறது. பின்னால் டிரெய்லர் கிடையாது. எஃப்-150 இந்தப் பிரிவில் பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே, சும்மா ஓடும்போது குறைவாகக் குடிக்கும் இன்ஜின்தான் அங்கே பரிசு வாங்கும்.

பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டு, அதாவது சுமார் 3,855 கிலோவைத் தாண்டும் பிக்-அப்களுக்கு இந்த ஸ்டிக்கர் தேவையில்லை. அவற்றுக்கான விதிகள் வேறு. சூப்பர் டியூட்டி அந்தப் பிரிவு. ஸ்டிக்கர் என்ற பரீட்சை இல்லாததால், அங்கே இன்ஜினியர்கள் டேவிஸ் அணை மேட்டை மனதில் வைத்து இன்ஜினை வரைய முடிந்தது.

எதை அளக்கிறோமோ, அதற்கேற்பத்தான் இன்ஜின் பிறக்கிறது. வாங்குபவர் எதை இழுக்கப் போகிறார் என்பது அந்த ஸ்டிக்கருக்குத் தெரியாது.

அப்படின்னா பெரிய வி8 வாங்கினா பிரச்சினையே இல்லையா?

அவ்வளவு சுலபமில்லை. இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

2024 மே மாதம் டொயோட்டா, 2022, 2023 மாடல் டண்ட்ரா பிக்-அப்களையும் லெக்ஸஸ் எல்.எக்ஸ். 600 வண்டிகளையும் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. மொத்தம் சுமார் 1,02,000 வண்டிகள். பழைய 5.7 லிட்டர் வி8-க்குப் பதிலாக வந்த, இரட்டை டர்போ வைத்த ஆறு சிலிண்டர் இன்ஜின் அது. தொழிற்சாலையில் கடைசல் வேலையின்போது விழுந்த உலோகத் துகள்கள் முழுதாகச் சுத்தம் செய்யப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டதால், பேரிங் கெட்டு இன்ஜின் நின்றுபோகும் ஆபத்து.

2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸின் முறை. 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் 6.2 லிட்டர் வி8 வைத்த பிக்-அப்கள், எஸ்.யூ.வி.கள் என அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள். கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட் ஆகியவற்றின் தயாரிப்பில் குறை. இது டர்போவே இல்லாத பெரிய வி8.

ஒன்று டர்போ, இன்னொன்று டர்போ இல்லாதது. இரண்டிலும் அடிபட்டது சுழலும் தண்டைத் தாங்கும் பகுதிதான். அங்கே இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது, தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஒரு துகள் போதும், அந்தப் படலம் கிழிய. டிசைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தொழிற்சாலையில் சுத்தமும் அளவும் தவறினால் எல்லாம் வீண்.

ஜெனரல் மோட்டார்ஸ் சொன்ன தீர்விலும் ஒரு பாடம் இருக்கிறது. சோதனையில் தேறாத இன்ஜின்கள் மாற்றப்பட்டன அல்லது பழுதுபார்க்கப்பட்டன. தேறிய இன்ஜின்களுக்கு, 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலுக்குப் பதில் 0டபிள்யூ-40 என்ற அடர்த்தியான ஆயில் ஊற்றச் சொன்னார்கள். மெல்லிய ஆயில் உராய்வைக் குறைத்து மைலேஜைக் கொஞ்சம் கூட்டும். அடர்த்தியான ஆயில் சூட்டிலும் பாரத்திலும் தடிமனான படலத்தைக் கொடுக்கும். குறை ஆயிலில் இல்லை, தயாரிப்பில்தான். ஆனால், பாதுகாப்பு என்று வரும்போது எந்தப் பக்கம் சாய வேண்டியிருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

நெடுஞ்சாலையில் 6 டன்னோடு போகும்போது இன்ஜின் சீஸ் ஆனால், அது வெறும் மெக்கானிக் செலவோடு முடிவதில்லை. பின்னால் வரும் வண்டிகள், மேட்டில் நடுவழியில் நிற்கும் டிரெய்லர், உள்ளே குடும்பம். ராம் நிறுவனம் தன் 1500 பிக்-அப்பில் 5.7 லிட்டர் 'ஹெமி' வி8-ஐ 2025 மாடலில் நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர்களின் குரலுக்குப் பணிந்து 2026 மாடலில் திரும்பக் கொண்டுவந்ததற்கு, ஸ்பெக் ஷீட்டில் உள்ள எண்கள் காரணமில்லை. புதிய இன்ஜின் பலத்தில் குறைந்ததல்ல. மக்கள் பழகியதை நம்பினார்கள்.

சரி, நீங்களே ஒரு இன்ஜின் வரைந்தால்?

இதுவரை பார்த்ததை வைத்து ஒரு பட்டியல் போடலாம்.

தேவைக்கு மேல் கொள்ளளவு: ஒவ்வொரு சிலிண்டரும் தன் எல்லைக்கு வெகு கீழே நின்று வேலை செய்ய வேண்டும். சும்மா ஓடும்போது கொஞ்சம் மைலேஜ் போகும். இழுக்கும்போது திரும்பக் கிடைக்கும்.

உறுதியான அடித்தளம்: வார்ப்பிரும்பு பிளாக் கனமானது, ஆனால் சூட்டில் எளிதில் வளைந்து கொடுக்காது. காட்ஸில்லாவில் கிராங்க் ஷாஃப்ட்கூட வார்க்கப்பட்டதில்லை, எஃகை அழுத்தி அடித்து உருவாக்கப்பட்டது.

பிஸ்டனுக்குக் கீழே ஆயில் பீச்சு: சிறு குழாய்கள் மூலம் பிஸ்டனின் அடிப்புறத்தில் ஆயிலைப் பீய்ச்சி அடித்தால், நாக்கிங்குக்குக் காரணமான சூடு குறையும். கூடவே அந்த ஆயிலைக் குளிரவைக்கத் தனி கூலரும் வேண்டும்.

எக்ஸாஸ்ட் பக்கம் கஞ்சத்தனம் கூடாது: தரமான வால்வு, வால்வு சீட், மேனிஃபோல்டு போல்ட். சூடாகி ஆறி, சூடாகி ஆறி போல்ட் முறிவது இழுவை டிரக்குகளில் வழக்கமான நோய்.

மைலேஜை சரியான இடத்தில் தேடுவது: வால்வு திறக்கும் நேரத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வசதி, குளிரவைத்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே விட்டு எரியும் சூட்டைத் தணிப்பது போன்றவை, பாரத்திலும் பலன் தரும். பாரம் இல்லாதபோது பாதி சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் தொழில்நுட்பம் ஸ்டிக்கர் மைலேஜுக்கு நல்லது. ஆனால் இழுக்கும்போது அது வேலைக்கே வராது. நுணுக்கமான பாகங்கள் மட்டும் கூடும். காட்ஸில்லாவிலும், ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் ஹெவி-டியூட்டி வி8-லும் அது இல்லாதது தற்செயல் அல்ல.

ஹைபிரிட் உதவாதா? நகரத்துக்குள் நன்றாக உதவும். நீண்ட மேட்டில் கணக்கு வேறு. எஃப்-150 ஹைபிரிட்டில் 35 கிலோவாட் மோட்டாரும் 1.5 கிலோவாட்-மணி பேட்டரியும் இருக்கின்றன. மோட்டார் முழு பலத்தில் ஓடினால் பேட்டரி இரண்டரை நிமிடம் தாங்கும். நம் மேடு 17 நிமிடம்.

இன்ஜினைத் தாண்டி: கியர், வலது கால்

எவ்வளவு நல்ல இன்ஜினும் தனியாக இழுத்துவிடாது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய 10 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தபிறகு, மேட்டில் இன்ஜினுக்குப் பொருத்தமான சுழற்சியைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிட்டது. ஆனால், வண்டி கீழ் கியருக்கு மாறி 4,000 சுழற்சியில் ஓடினால், 'ஐயோ, இன்ஜின் இப்படிக் கத்துதே' என்று பலர் பயந்துவிடுகிறார்கள். காட்ஸில்லாவின் அதிகபட்ச டார்க் கிடைப்பதே 4,000 சுழற்சியில்தான். குறைந்த சுழற்சியில் முக்கி முனகி இழுப்பதைவிட, கொஞ்சம் கத்திக்கொண்டு லேசாக இழுப்பதே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் நல்லது.

கடைசியாக ஒரு கணக்கு. இன்ஜினியர்கள் பல ஆண்டுகள் உழைத்து, இன்ஜினின் செயல்திறனை 33 சதவீதத்திலிருந்து 36-க்கு உயர்த்திவிட்டார்கள் என்று வையுங்கள். உங்களுக்கு மிச்சமாகும் பெட்ரோல் சுமார் 8 சதவீதம். அதே டிரெய்லரோடு 100-க்குப் பதில் 90 கி.மீ. வேகத்தில் போனால், காற்றின் எதிர்ப்பு குறைவதால் மட்டும் மிச்சமாவது சுமார் 15 சதவீதம். செலவு ஒரு பைசா இல்லை. 100 கி.மீ. தூரத்துக்கு ஆறேழு நிமிடம்தான் கூடும்.

நமக்கு இதுல என்ன?

நம்மில் யாரும் ஏழு லிட்டர் வி8 வாங்கப்போவதில்லை. ஆனால், நம் சாலைகளில் 1 லிட்டர், 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் பெருகிவிட்டன. ஐந்து பேர், டிக்கி நிறைய பைகள், ஏ.சி.யோடு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது அந்தச் சின்ன இன்ஜினுக்குள் நடப்பதும் இதே கதைதான். மைலேஜ் திடீரென்று விழுவதற்கு வண்டி கெட்டுப்போனது காரணமில்லை. பாதி பெட்ரோல் ஏற்றத்துக்கு, கொஞ்சம் பெட்ரோல் குளிரூட்டலுக்கு.

எனவே, மேட்டில் மேல் கியரில் முக்க விடாதீர்கள், கியரைக் குறையுங்கள். மேலே போனதும் உடனே சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு டர்போவை ஆறவிடுங்கள். கையேடு சொல்லும் கிரேடு ஆயிலையே, சொன்ன நேரத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை கார் வாங்கும்போது, 'மைலேஜ் எவ்வளவு?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'ஃபுல் லோடுல, மேட்டுல எப்படி?' என்றும் கேளுங்கள். முடிந்தால் டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டே போங்கள்.